கேட்டு வாங்கிய தண்ணீர்

கஸ்தூரி என்னைவிடப் பத்து மாதம் சின்னவள். ஆனால் கல்யாணமாகி வந்த நாள் முதல் நான்தான் அவளை அக்கா என்று கூப்பிடுகிறேன். அவள் என் வீட்டுக்காரருடைய அண்ணன் எத்திராஜின் மனைவி. எனக்கு ஓரகத்தி.

முதலில் எத்திராஜுக்குத்தான் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். ஜாதகம் ஒத்துவரவில்லை. வந்ததற்குத் தம்பி கஜபதியின் ஜாதகத்தை எடுத்துப் பார்த்தார்கள். பத்துக்கு எட்டுப் பொருத்தம். அண்ணனுக்கு அடுத்த மாதமே கஸ்தூரி அமைந்தாள். என் வீட்டுக்காரர் தங்கமான மனிதர், அவரிடம் ஒரு குறையும் இல்லை. என் ஏக்கமெல்லாம் ஒரு குடத்தைப் பற்றியது.

முத்தாபுதுப்பேட்டையில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு கிணறு உண்டு. ஆடி மூன்றாம் ஞாயிறு எல்லையம்மனுக்குக் கூழ் ஊற்றும் திருவிழாவில், கரகச் செம்பில் ஊற்றுகிற தண்ணீர் அந்தக் கிணற்றுத் தண்ணீர்தான். விடிந்ததும் பம்பை அடித்துக்கொண்டு ஊரே கிணற்றடிக்கு வரும். வீட்டின் மூத்த மருமகள் தலைக்குக் குளித்து, மஞ்சள் புடவை கட்டி, முதல் குடத்தை இறைத்துப் பூசாரி கையில் கொடுக்க வேண்டும். மாமியார் போன பிறகு அந்தப் பாக்கியம் கஸ்தூரிக்கு வந்தது. நான் பின்னால் நின்று கயிற்றின் நுனியைப் பிடித்துக்கொள்வேன்.

கயிறு பிடிப்பதும் அம்மனுக்குச் செய்கிற தொண்டுதான். வருஷா வருஷம் அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். ஆனால் குடம் அவள் இடுப்புக்கு ஏறும்போது என் வயிற்றுக்குள் யாரோ மிளகாயைக் கிள்ளிப் போட்டது போலிருக்கும். தம்பி பக்கம் எட்டுப் பொருத்தம் கொடுத்ததற்குப் பதிலாக, அண்ணன் பக்கம் இன்னும் இரண்டு பொருத்தம் கொடுத்திருக்கக் கூடாதா தாயே என்று கேட்பேன். கேட்டுவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொள்வேன்.

கஸ்தூரி குட்டையாக, கறுப்பாக இருப்பாள். எதிலும் அவசரம் கிடையாது. கீரை பிடுங்கினால் வேரில் மண் ஒட்டாமல் வரும். கட்டுப் போட்டால் ஒரு தண்டு தூக்கி நிற்காது. சிரித்தால் சத்தமே வராது, தோள் மட்டும் குலுங்கும். எழுதப் படிக்கத் தெரியாது, கைநாட்டுதான். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். ரேஷன் கடையில் நான் கையெழுத்துப் போடும்போது அவள் எட்டிப் பார்ப்பாள். அது ஒன்றில்தான் நான் உசத்தி. அதை நான் ரொம்ப நாள் பத்திரமாக வைத்துக்கொண்டிருந்தேன்.

எண்பத்து மூன்றில் அண்ணன் தம்பி பாகம் பிரித்தார்கள். மேட்டுப் பக்கம் எங்களுக்கு, பள்ளத்துப் பக்கம் அவர்களுக்கு. கிணறு நடு வரப்பில், இரண்டு பேருக்கும் பொது. நெல் போடுவதை விட்டுவிட்டு இரண்டு வீட்டிலும் கீரை போட ஆரம்பித்தோம். காலையில் பறித்து, கூடையில் அடுக்கி, ஆவடி டாங்கி ஃபாக்டரி குவார்ட்டர்ஸில் விற்றுவிட்டு வருவோம். இரண்டு பேருக்கும் ஒரே தெரு. அவள் ஒரு பக்கம் கூவுவாள், நான் எதிர்ப் பக்கம் கூவுவேன்.

எண்பத்தேழில் எங்கள் நிலத்துக்கு மேலே இருந்த தரிசில் ஒரு புழுங்கல் அரிசி மில் வந்தது. நெல்லைப் பெரிய சிமெண்டுத் தொட்டிகளில் கொட்டி, சுடுதண்ணீர் விட்டு ஒரு நாள் ஊற வைப்பார்கள். பிறகு அந்தத் தண்ணீரைத் திறந்துவிட்டு, நெல்லை அவித்துக் களத்தில் காயப் போடுவார்கள். திறந்துவிட்ட தண்ணீர் டீத்தண்ணீர் நிறத்தில், மூன்று நாள் கஞ்சி போலப் புளித்த நாற்றத்தோடு, எங்கள் நிலத்து ஓரமாக இருந்த பழைய வாய்க்காலில் இறங்கி, பள்ளத்தில் கஸ்தூரியின் நிலத்தைத் தொட்டுக்கொண்டு ஏரிக்குப் போகும். ஏரியில் அந்த முனையில் கெண்டை மீன் செத்து மிதந்ததாகச் சொன்னார்கள். அந்தத் தண்ணீர் என் பாத்திகளைத் தொடாததால் நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கஸ்தூரிக்கு இப்படி ஒரு கஷ்டம் வந்ததே என்று வாயால் சொன்னேன். மனசு அவ்வளவாக வருத்தப்படவில்லை.

ஆறு மாதம் ஆயிற்று. ஒரு நாள் காலை குவார்ட்டர்ஸில், வழக்கமாக என்னிடமே வாங்குகிற பத்மா அம்மா கதவைத் திறந்துவிட்டுக் கையைப் பிசைந்தார். திருநெல்வேலிப் பக்கத்து அம்மா, மனசில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாது.

"வரலட்சுமி, கோவிச்சுக்கிடாதம்மா. இன்னைக்குக் கஸ்தூரிகிட்ட வாங்கிட்டேன். அவ கீரையைப் பாத்தியா? இலை ஒவ்வொண்ணும் உள்ளங்கை அகலம். எங்க வீட்டு சார்வாள் நேத்து ரெண்டு தடவை கேட்டுச் சாப்பிட்டாவ."

எதிர்ப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். கஸ்தூரியின் கூடை பாதி காலி. மீதி இருந்த முளைக்கீரை கரும்பச்சையாக, கையால் தடவிக் கொடுக்கலாம் போல இருந்தது. என் கூடையில் இருந்தது அதற்குத் தங்கச்சி மாதிரி வெளுத்துப் போய்க் கிடந்தது. அன்று நான் பாதிக் கூடையைத் திரும்பச் சுமந்து வந்தேன்.

அடுத்த வாரம் மூன்று வீடுகள் மாறின. அதற்கடுத்த வாரம் என் பக்கத்துச் சாரி முழுக்க மாறியது. "கஸ்தூரி வந்தாச்சா?" என்று என்னிடமே கேட்டார்கள். முதலில் குடம், இப்போது கூடை. அவளுக்கு மட்டும் எல்லாம் எங்கிருந்து வந்து சேர்கிறது என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மன் படத்துக்கு விளக்கேற்றும்போது கூட அந்த அகல இலைகள்தான் கண்ணில் வந்தன.

கேட்டுவிடுவது என்று ஒரு நாள் கிணற்றடியில் கேட்டேன்.

"இன்னாக்கா போடறே கீரைக்கு? யூரியாவா?"

"யூரியா இன்னாத்துக்கு? அந்த மில்லு தண்ணிதான்."

"அந்த நாத்தம் புடிச்ச தண்ணியா?"

"அப்டியே உட்டா வேர் வெந்துரும்டி. குட்டையில ஒரு நாள் தேக்கி வெச்சி, மேல நொரை அடங்கினப்பறம், ஒரு பங்குக்கு நாலு பங்கு நம்ம கெணத்துத் தண்ணி கலந்து, வாரத்துக்கு ஒரு தபா உடுவேன். அதுக்கு மேல ஒரு சொட்டு உட மாட்டேன். மொதல்ல ரெண்டு பாத்தி கருகிப் போச்சி, அப்பறம்தான் புத்தி வந்துது."

இவ்வளவு நிதானமாக யாராவது நிஜத்தைச் சொல்வார்களா? அவள் என்னை ஏமாற்றுகிறாள் என்று நினைத்தேன். தண்ணீரை நானும் கேட்டுவிடப் போகிறேன் என்று பயந்து, நாலு பங்கு, ஒரு நாள், நுரை என்று கணக்குப் பாடம் சொல்கிறாள். அப்படித்தான் என் புத்திக்குப் பட்டது. வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"அவுங்க எதுக்குப் பொய் சொல்லப் போறாங்க?" என்றார் அவர்.

"நீ ஒண்ணு. உங்க அண்ணிகாரின்னா உனுக்கு வாய் தெறக்காதே."

"எனுக்கு இன்னாத்துக்கு வம்பு? செய்யறதைச் செய்," என்று துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாளே மில்லுக்குப் போனேன். அங்கே அப்பாவு மேஸ்திரிதான் எல்லாம். அன்று காலைதான் ரோட்டோரத்து வீட்டுக்காரர்கள் நாற்றம் தாங்கவில்லை என்று அவரைப் பிடித்து உலுக்கிவிட்டுப் போயிருந்தார்கள். நானும் சண்டைக்குத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்து, கையிலிருந்த பீடியைப் போட்டுவிட்டு எழுந்து நின்றார்.

"மேஸ்திரி, அந்தத் தண்ணியை எங்க நெலத்துக்கும் உடணும்."

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் உட்கார்ந்துவிட்டார்.

"இன்னாம்மா சொல்றே? ஊரே இங்க உடாதே, அங்க உடாதேன்னு அடிக்க வருது. கேட்டு வாங்கிக்கினு போற மொத ஆளு நீதான்!"

"எங்க அக்காவுக்கு மட்டும் உடறீங்க இல்லே?"

"அவுங்களுக்கு நான் எங்க உட்டேன்? அது பாட்டுக்குப் பள்ளத்துல போவுது. உனுக்கு வோணும்னா பைப்பே போட்டுக் குடுக்கறேன். மகராசியா இரு. ஆனா மொதலாளி ஒரு பேப்பர் கேப்பாரு."

அவரே எழுதினார். என் நிலத்துப் பாசனத்துக்காக, என் சொந்த விருப்பத்தின் பேரில், மில் தண்ணீரை என் நிலத்தில் விடும்படி கேட்டுக்கொள்கிறேன். இவ்வளவுதான். "கைநாட்டா?" என்று மைப்பெட்டியைத் திறந்தார். எனக்குச் சுருக்கென்றது. "பேனாவைக் குடுங்க" என்று வாங்கி, க. வரலட்சுமி என்று எழுத்து எழுத்தாக, பெரிதாகப் போட்டேன்.

ஒரே வாரத்தில் மில் மதிலிலிருந்து எங்கள் மேட்டுப் பாத்திக்குச் சிமெண்டுக் குழாய் இறங்கியது. வாய்க்கால் வாயை முக்காலுக்குச் சிமெண்டு வைத்து அடைத்துவிட்டார்கள்; முன்பு அதில் போன தண்ணீரில் முக்கால் பங்கு இப்போது என் நிலத்தில் விழுந்தது. கஸ்தூரி குழாயைப் பார்த்தாள்.

"நேரா உடாதே வரலட்சுமி. கொஞ்சம் தேக்கி..."

"எனுக்குத் தெரியும்க்கா," என்றேன்.

இரண்டு மாதம் நான் ராணி. என் கீரை அவள் கீரையைவிட அரைச் சாண் உயரம் நின்றது. பத்மா அம்மா திரும்பி வந்தார். எதிர்ச் சாரியில் நாலு வீடும் வந்தது. கூடையைக் காலி செய்துவிட்டு, கஸ்தூரி இன்னும் விற்றுக்கொண்டிருக்கும்போதே அவள் முன்னால் வெறுங்கூடையை வீசிக்கொண்டு நடப்பேன். "ஆச்சா? நீ போ, நான் வரேன்" என்பாள். அவள் முகம் வாடவில்லை என்பதுதான் எனக்குக் குறையாக இருந்தது.

மூன்றாம் மாதம் பாத்தியில் மண்ணுக்கு மேல் கறுப்பாக ஒரு ஏடு படிந்தது. காலை வைத்தால் வழுக்கியது. ஈ மொய்த்தது. கீரை நடுவிலிருந்து மஞ்சளானது. பிடுங்கினால் வேர் இல்லை, அழுகிய நார்தான் கையில் வந்தது. மேட்டில் தேங்கிய தண்ணீருக்குப் போக வேறு வழி இல்லை. என் நிலத்துக்குக் கீழே இருந்தது கிணறு.

ஒரு காலை வாளியை இறக்கினேன். மேலே வரும்போதே தெரிந்தது. தண்ணீர் மேல் எண்ணெய் போல ஒரு படலம். அந்தப் புளித்த வாடை. கையில் அள்ளி வாயில் வைத்தேன், துப்பிவிட்டேன். கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தால் சுவரெல்லாம் ஈரக் கசிவு, கசிந்த இடமெல்லாம் டீ நிறக் கோடு. என் பக்கத்துச் சுவரில் மட்டும்.

அந்தத் தண்ணீரைக் கலந்துதான் கஸ்தூரி கீரைக்கு விடுவாள். பத்து நாளில் அவள் பாத்திகளும் படுத்துவிட்டன. குவார்ட்டர்ஸ் தெருவில் கொரட்டூரிலிருந்து வந்த வேறு ஒருத்தி கூவ ஆரம்பித்தாள். எங்கள் இரண்டு கூடையும் வீட்டில் கவிழ்ந்து கிடந்தன. அம்மன் அறிய எழுதுகிறேன், கஸ்தூரியின் பாத்தி கருகியதைப் பார்த்ததும் முதலில் எனக்கு வந்தது பயம் இல்லை. சமமாகிவிட்டோம் என்ற ஒரு நிம்மதி. பயம் அதற்குப் பிறகுதான் வந்தது.

அது எண்பத்தெட்டு. ஆனி பிறந்து பத்து நாள் ஆகியிருந்தது. பூசாரி வீரராகவன் ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேரோடு கிணற்றடிக்கு வந்தார். ஒரு வாளி இறைக்கச் சொல்லி, முகர்ந்து பார்த்து, கீழே கொட்டிவிட்டார்.

"இதை எப்டிம்மா ஆத்தா தலையில ஏத்தறது?"



"ஆடி மூணாம் ஞாயித்துக்கெழமைக்குள்ள தெளிஞ்சா உங்க கெணறு. இல்லேன்னா முத்தம்மா ஊட்டு கெணத்துக்குப் பம்பையைத் திருப்பிட வேண்டியதுதான். ஒரு தபா போனா போனதுதான், பாத்துக்கோங்க."

முத்தம்மாள் கோயிலுக்கு எதிர் வீட்டுக்காரி. நாலு தலைமுறையாக எங்கள் வீட்டுக்கு இருந்த உரிமை அந்த வாளித் தண்ணீரோடு மண்ணில் ஓடியது. அப்போதும் என் மனசின் ஒரு மூலை சொன்னது, இனிமேல் கஸ்தூரியும் குடம் எடுக்க மாட்டாள் என்று. அந்த மூலையை நான் கண்ணால் பார்த்தேன். 

சாயந்திரம் மேஸ்திரியிடம் ஓடினேன். குழாயை அடைத்துவிடச் சொன்னேன். அப்பாவு பெட்டியிலிருந்து அந்தப் பேப்பரை எடுத்தார்.

"பஞ்சாயத்துல இருந்து ஆள் வந்தாலும் இதைத்தான் காட்டறோம். நெலத்துக்காரங்களே கேட்டு வாங்கிக்கறாங்க, எங்க மேல இன்னா தப்புன்னு கேட்டா திரும்பிப் போயிடறாங்க. இப்ப போய் நிறுத்துன்னா தண்ணியை நான் எங்க கொண்டு போய்க் கொட்டறது? என் தலையிலயா?"

பெரிதாகப் போட்ட என் கையெழுத்து என்னையே பார்த்தது.

திரும்பி வந்தபோது கஸ்தூரி வரப்பில் உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். பேப்பரையும் சொன்னேன். அவள் கேட்டாள்:

"நான் நாலு பங்குன்னு சொன்னப்ப பொய் சொல்றேன்னு நெனச்சியா?"

"ஆமா."

அவள் தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. சிரிப்புதான்.

"உன் எடத்துல நானா இருந்தாலும் அப்டிதான் நெனச்சிருப்பேன். எந்திரி."

மறுநாள் காலை, மில் வாசலில் மலை போல் கொட்டிக் கிடந்த உமிச் சாம்பலைப் பழைய கோணிகளில் அள்ளினோம். அதுவும் அவர்கள் குப்பைதான். ஒன்பது மூட்டை. எத்திராஜும் என் வீட்டுக்காரரும் தூக்கிக் கொடுக்க, நாங்கள் இரண்டு பேரும் குழாய் வாயில் திணித்துக் களிமண் பூசினோம். தொட்டியைத் திறந்ததும் தண்ணீர் கீழே வரவில்லை. முட்டி நின்று, திரும்பி, மில் களத்தில் காய்ந்துகொண்டிருந்த அவித்த நெல்லின் மேல் ஏறியது.

கூச்சல் போட்டுக்கொண்டு ஆட்கள் ஓடி வந்தார்கள். முதலாளியும் வந்தார். ரோட்டோரத்துச் சனம் கூடியது, பூசாரியும் வந்துவிட்டார். முதலாளி பேப்பரைத் தூக்கிக் காட்டினார்.

"யாருங்க இந்த வரலட்சுமி?"

கஸ்தூரி வாயைத் திறந்தாள். அவள் எனக்காக ஏதோ சொல்லப் போகிறாள் என்று தெரிந்தது. அதையும் அவளுக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை.

"நான்தான்," என்றேன். "நான் கேட்டுத்தான் உட்டாங்க. இப்ப வேணாங்கறேன்."

"அன்னிக்கு எதுக்கும்மா கேட்டே?"

ஊரே பார்த்தது. பூசாரி பார்த்தார். பொய் சொல்ல எத்தனையோ இருந்தது, நாக்குக்கு வரவில்லை.

"எங்க அக்கா கீரை நல்லா இருந்துச்சி. என்னுது நல்லா இல்லே. அதான்."

யாரோ பின்னால் சிரித்தார்கள். ஒரு அம்மா "ஐயே" என்றாள். ஆனால் கேட்டவளே வேண்டாம் என்ற பிறகு முதலாளி கையிலிருந்த பேப்பருக்கு வேலை இல்லாமல் போயிற்று. நனைந்த நெல் ஒரு பக்கம், கூடி நின்ற ஜனம் ஒரு பக்கம். கடைசியில், தண்ணீரைத் தன் இடத்திலேயே குழி வெட்டித் தேக்கிக்கொள்வதாக ஒப்புக்கொண்டார். அப்பாவு நீட்டிய தாளில், தண்ணீர் வேண்டாம் என்று நான் மறுபடி எழுதினேன், இந்தத் தடவை முழுசும் என் கையாலேயே. அந்தக் குழி பின்னாளில் மறுபக்கம் கசிந்து, அந்தப் பக்கத்துக்காரர்கள் சண்டைக்குப் போனார்கள். அது அவர்கள் கதை.

கிணற்றை ஐந்து நாள் மோட்டார் வைத்து இறைத்தோம். சேற்றை வாரி, சுவரைத் தேங்காய் நாரால் தேய்த்தோம். கஸ்தூரி உள்ளே இறங்கித் தேய்க்க, நான் மேலே நின்று கயிறு பிடித்தேன். ஊறி வந்த தண்ணீர் பார்க்கத் தெளிவாக இருந்தது. ஆடி மூன்றாம் ஞாயிறு பூசாரி வந்து ஒரு வாய் குடித்தார். அடிச் சுவையில் அந்தப் புளிப்பு இன்னும் இருந்தது. வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

பம்பை முத்தம்மாள் வீட்டுக்குத் திரும்பியது. சத்தம் தூரத்தில் கேட்டது. கஸ்தூரி பிரித்து வைத்திருந்த மஞ்சள் புடவையை மடித்துப் பெட்டியில் வைத்தாள். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் கூழ் குடிக்கப் போகவில்லை. அடுத்த வருஷமும் பம்பை அங்கேதான் போனது. அதற்கடுத்த வருஷமும். முத்தம்மாள் குடம் எடுத்ததைப் பார்த்து எனக்கு வயிறு எரியவே இல்லை, வெறும் வெட்கம்தான் வந்தது.

ஒவ்வொரு கோடையிலும் நாங்கள் இரண்டு பேரும் கிணற்றை இறைத்துச் சேறு வாரினோம். நிலத்தில் கீரை போடவில்லை. மண் ஆற வேண்டும் என்று கஸ்தூரி சொன்னாள், இந்தத் தடவை நான் கேட்டுக்கொண்டேன். அவளுக்கு எழுத்து சொல்லிக் கொடுக்கிறேன் என்றேன். "போடி, எழுதித்தானே மாட்டிக்கினே" என்று தோளைக் குலுக்கினாள்.

தொண்ணூற்றொன்றில், ஆடி இரண்டாம் வாரம், பூசாரி வீரராகவன் யாருக்கும் சொல்லாமல் வந்து ஒரு வாளி இறைத்தார். குடித்தார். இன்னொரு கை அள்ளிக் குடித்தார். "இன்னாம்மா, புடவை எடுத்து வெச்சிக்கினியா?" என்று கஸ்தூரியைக் கேட்டார்.

அந்த ஞாயிறு பம்பை எங்கள் கிணற்றடிக்கு வந்தது. கஸ்தூரி மூன்று வருஷமாக மடித்து வைத்த மஞ்சள் புடவையில் மடிப்புக் கோடு கலையாமல் வந்து நின்றாள். குடத்தை இறக்கினாள். நான் பின்னால் கயிற்றைப் பிடித்தேன். தண்ணீர் மேலே வந்தது, எந்த வாடையும் இல்லாமல். பம்பைக்காரர் அவள் பெயரைச் சொல்லி வர்ணிக்க ஆரம்பித்தார். குடம் அவள் இடுப்புக்கு ஏறியது.

என் வயிற்றுக்குள் பழையபடி மிளகாய் கிள்ளிப் போட்டது போல் எரிந்தது. கிணறு நல்லபடி ஆகிவிட்டது என்பதை நான் அப்போதுதான் நம்பினேன். கயிற்றை விடாமல் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.